பெருமானூரில் ஒரு முறி

கப்பல் எட்டு மணிக்கே கரை தொட்டுவிட்டது.
சுஜினுக்குப் பதினொன்றுக்குத்தான் கேட் பாஸ்.
நான்கரைக்குள் திரும்பி ஏறிவிட வேண்டும்.
நடுவில் உள்ள ஐந்தரை மணி நேரத்துக்கு
ஒரு கதவும் ஒரு கொண்டியும் வேண்டும் எங்களுக்கு.

குழித்துறையில் முந்தின ராத்திரியே ரயிலேறினேன்.
பையில் மரச்சீனி வற்றல், அயிலைக் கருவாடு,
கல்யாணப் போட்டோ.
போட்டோவை எடுத்துவரச் சொன்னது அவன்தான்:
"கேட்பானுவ."

காலையில் தனியாகப் போய் நின்றேன்.
தனியாக வரும் பெண்ணுக்குக் கொடுப்பதில்லை என்றார்கள்.
பதினொன்றரைக்கு அவனோடு போனேன்.
ஜோடிக்குக் கொடுப்பதில்லை என்றார்கள்.

கப்பல் தெரியும் என்று போர்டு வைத்த ஓட்டலில்
ஒரு ராத்திரிக்கு ஆறாயிரத்து எண்ணூறு.
எங்களுக்கு ராத்திரி வேண்டாமே என்றேன்.
பையன் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கி
என்னைப் பார்த்தான், பையைப் பார்த்தான்.
"பகலுக்கு மட்டும் வழக்கமில்லை" என்று
சுவரிடம் சொன்னான்.

அடுத்த லாட்ஜில் ஒரு நோட்டு.
பெயர் என்ற இடத்தில் பெர்லின் என்று எழுதினேன்.
"ஊரைக் கேட்கவில்லை" என்றார்.
பேர்தான் சார்.
எந்த நாட்டுக்கும் போகாத அப்பா வைத்த பேர்.
பதினேழு நாடு பார்த்த சுஜினும்
அங்கே போனதில்லை. அதற்குக் கடல் இல்லையாம்.
ஆதாரில் எனக்கு அருமனை, அவனுக்குக் கொல்லங்கோடு.
கல்யாணமாகி நாலு வருஷம் ஆகிறது.
விலாசம் மாற்றும் அளவுக்கு
அவன் ஊரில் இருந்ததில்லை.
போட்டோவை நீட்டினேன்.
"போட்டோ யாரும் எடுக்கலாம்."

முறி உண்டோ, முறி உண்டோ என்று
வெண்டுருத்திப் பாலத்தின் இரு பக்கமும் கேட்டு நடந்தோம்.
இங்கே முறி என்றால் அறை.
எங்கள் பக்கம் பாதிப்பேர் அப்படிச் சொல்வார்கள்.
மீதிப்பேருக்கு முறி என்றால் ஒடிப்பது.
ஒரு மணிக்கு மேல்
எனக்கு இரண்டாவதுதான் காதில் விழுந்தது.

கடைசியில் ஆட்டோக்காரர் கொண்டுபோய் விட்டது
பெருமானூர்ச் சந்துக்குள் த்ரேசியாம்மா வீட்டு மாடி.
நர்சிங் படிக்கும் பெண் லீவுக்குப் போயிருக்கிறாளாம்.
எழுநூறு ரூபாய்.
கேட்காமலே போட்டோவைக் காட்டினேன்.
"சாரி நல்ல சாரி" என்றார்.
"ஃபேனை மூணில் வைக்கண்டா, சத்தம் கேட்கும்."

மணி இரண்டே கால்.

சுஜின் கட்டிலை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தான்.
"ஆடவே மாட்டேங்குது."
விரிப்பைத் தொட்டு, "நீலம் கூடிப்போச்சு" என்றான்.
நாளைக்கு மூவாயிரம் விரிப்பு வெளுக்கிறவன்.
தண்ணீர் மட்டத்துக்குக் கீழே
ஜன்னலில்லாத அறையில் நாலு பேரோடு படுக்கிறவன்.
ஷூவைக் கழற்றக் குனிந்தவன்
ஒரு ஷூவோடு அப்படியே சாய்ந்து தூங்கிவிட்டான்.

எட்டு மாதமாகச் சேர்த்துவைத்த பேச்சு என்னிடம்.
அதை விட்டுவிட்டு
இன்னொரு ஷூவைக் கழற்றினேன்.
முன்கையில் இஸ்திரி சுட்ட தழும்பு மூன்று,
வீடியோ காலில் ஒன்றுகூடத் தெரிந்ததில்லை.
ஜன்னலுக்கு வெளியே காயலுக்கு அக்கரையில்
அவன் கப்பல் வெள்ளைச் சுவராக நின்றது.
ரெண்டாயிரம் பேருக்கு அதில் முறி உண்டு.

மூன்றே முக்காலுக்கு எழுப்பினேன்.
"எழுப்பக்கூடாதா நீ?" என்று கத்தினான்,
பிறகு சிரித்தான்.
மிச்சமிருந்த இருபது நிமிஷத்தை
நான் எழுதப்போவதில்லை.

ஆறு மணிக்கு ஒரு சங்கு.
முதலில் அசைந்தது கப்பலா கண்ணா என்று தெரியவில்லை.
பிறகு அதன் பின்புறம் ஒரு இடுக்கு விழுந்து
அதன் வழியாக
அதுவரை மறைந்திருந்த சூரியன் முறிக்குள் வந்தது.
காலண்டர், சுருங்கிய விரிப்பு,
நர்சிங் பெண்ணின் சீப்பு,
மேசைமேல் அயிலைக் கருவாட்டுப் பொட்டலம்.
மறந்தானா, கேட்டில் விடமாட்டார்கள் என்று
வைத்துவிட்டுப் போனானா தெரியவில்லை.

கதவு தட்டினார் த்ரேசியாம்மா.
"நாளைக்குப் பத்து மணி வரை உன்னுடையதுதான், மோளே."

சேச்சி, என்றேன்,
கருவாடு பொரிக்கக் கொஞ்சம் எண்ணெய் கிடைக்குமா?